சீட்டுக்குப் பின்னால் 76 லிட்டர்: பழைய பிக்கப்பில் பெட்ரோல் டேங்கை இடம் மாற்றுதல்

1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் தயாரான செவர்லே சி10 பிக்கப் ஒன்றின் கதவைத் திறந்து, நீண்ட சீட்டின் சாய்மானத்தை முன்னால் தள்ளிப் பாருங்கள். கேபினின் பின்சுவரை ஒட்டினாற்போல் ஒரு பெரிய தகரப் பெட்டி நிற்கும். அதுதான் பெட்ரோல் டேங்க். கொள்ளளவு சுமார் 20 கேலன், அதாவது ஏறக்குறைய 76 லிட்டர். ஓட்டுபவரின் முதுகுக்கும் அவ்வளவு பெட்ரோலுக்கும் நடுவே இருப்பது சீட்டின் பஞ்சும் உறையும்தான். பெட்ரோல் ஊற்றும் வாய், டிரைவர் கதவுக்குச் சற்றுப் பின்னால், கேபினின் மூலையிலேயே இருக்கும்.

இதை முதன்முறை பார்க்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். ஆனால் அன்று இது விசித்திரமான ஏற்பாடு இல்லை. செவர்லே தன் பிக்கப்பின் டேங்கை 1949-இல் கேபினுக்குள் கொண்டுவந்து, 1972 மாடல் வரை அங்கேயே வைத்திருந்தது. 1960-களின் ஃபோர்டு எஃப்-100 வண்டிகளிலும் இதே இடம்தான். கேபினுக்குள் இருந்தால் சக்கரம் வாரியடிக்கும் கல்லும் சேறும் டேங்கின் மேல் படாது. எஞ்சினுக்குப் போகும் குழாய் குட்டையாக இருக்கும். பின்னாலிருக்கும் சரக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி மாட்டினாலும் டேங்கைத் தொட வேண்டியதில்லை. விவசாயிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் விற்ற வண்டியில் இவையெல்லாம் நியாயமான காரணங்கள்.

இன்று இந்த வண்டிகளை மீட்டெடுப்பவர்களில் பலர் முதலில் திட்டமிடும் வேலைகளில் ஒன்று, அந்த டேங்கைக் கழற்றிப் பின்பக்கம், சரக்குப் பெட்டிக்கு அடியில், வண்டியின் அடிக்கூடான சேஸிஸின் இரு நீளச் சட்டங்களுக்கு நடுவே பொருத்துவது. அந்த வேலையில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதை இதுவரை ஸ்பேனர் பிடித்திராதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: டேங்கைப் பொருத்துவது இதில் மிகச் சுலபமான பகுதி. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் குழாய்களும் ஒரே ஒரு மின்கம்பியும்தான் ஆளைப் படுத்தும்.

முதலில், எதற்காக மாற்றுகிறோம்? பெட்ரோல் வாசனை என்பார்கள் சிலர். வாசனை மட்டும்தான் குறை என்றால் டேங்கை நகர்த்தவே வேண்டாம் என்பது என் கருத்து. ஊற்றும் குழாயை டேங்கோடு இணைக்கும் ரப்பர் ஹோஸ், அந்தக் குழாய் கேபின் சுவரைத் துளைத்துப் போகும் இடத்திலுள்ள ரப்பர் வளையம், டேங்கின் மேலிருக்கும், பெட்ரோல் அளவைக் காட்ட உதவும் டேங்க் யூனிட்டின் கேஸ்கெட் ஆகியவைதான் ஐம்பது வருடத்தில் விறைத்து வெடிப்பவை. அவற்றை மாற்றினாலே பெரும்பாலும் வாசனை போய்விடும். செலவும் சொற்பம். வலுவான காரணங்கள் வேறு இருக்கின்றன. உயரமானவர்களுக்கு சீட்டைப் பின்னால் தள்ள இடம் கிடைக்கும். வளைவுகளில் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் தளும்பும் சத்தம் நிற்கும். காலியாக ஓடும் பிக்கப்பின் எடை முன்பக்கமே குவிந்திருக்கும். நிறைந்த டேங்கின் 55 கிலோ சொச்சம் பின் ஆக்ஸிலுக்கு (சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கு) அப்பால் போனால் பின்சக்கரங்களுக்குக் கொஞ்சம் பிடிப்பு கூடும். இன்னொரு பெரிய காரணம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் நவீன ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினைப் பொருத்துவது. அதற்கு டேங்கின் உள்ளேயே மூழ்கியிருக்கும் மின்பம்பு உத்தமம். பழைய டேங்கில் அதற்கான வசதி கிடையாது.

பாதுகாப்புக்காக மாற்றுகிறேன் என்பவர்களிடம் மட்டும் ஒரு நிமிடம் நின்று பேச வேண்டியிருக்கிறது. கேபினுக்குள் இருக்கும் டேங்க் மோதலில் அவ்வளவு எளிதாகச் சிக்காத இடத்தில்தான் இருக்கிறது. அதன் ஆபத்து வேறு வகை: கசிந்தால் மனிதர்கள் இருக்கும் அறைக்குள்ளேயே கசியும், தீப்பிடித்தால் தப்ப நேரமிருக்காது. பின்னால் கொண்டுபோனால் அந்த ஆபத்து விலகும். பதிலுக்கு, பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து இடித்தால் முதல் அடி டேங்குக்கு விழும். பின் பம்பருக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே டேங்கை வைத்திருந்த ஃபோர்டு பின்ட்டோ காரை, பின்மோதல் தீ விபத்துகளுக்குப் பிறகு 1978-இல் அந்த நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

பிக்கப்புகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1973-இல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் புதிய வடிவ வண்டியை வெளியிட்டபோது டேங்கைக் கேபினிலிருந்து வெளியே எடுத்தது. ஆனால் அதை சேஸிஸ் சட்டங்களுக்கு வெளிப்புறத்தில், வண்டியின் பக்கவாட்டில் தொங்கவிட்டது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டேங்க் வைத்துக்கொள்ளலாம் என்பது வாங்குபவர்களுக்குக் கவர்ச்சியாக இருந்தது. பக்கவாட்டில் மோதினால் என்னவாகும் என்ற கேள்வி பிற்பாடு நீதிமன்றங்களுக்குப் போனது. 1992-இல் என்பிசி தொலைக்காட்சி இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. மோதல் காட்சியில் தீ எழுவதற்காக வண்டியில் தீமூட்டும் கருவி பொருத்தியிருந்தது அம்பலமாகி, 1993 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. அதனால் வண்டியின் மேலிருந்த புகார் மறைந்துவிடவில்லை. 1994 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துச் செயலர் ஃபெடரிகோ பெனா அந்த டேங்க் அமைப்பில் குறைபாடு இருப்பதாக முதற்கட்ட முடிவை அறிவித்தார். டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது: வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டாம், பதிலாகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு நிறுவனம் 5 கோடி டாலருக்குச் சற்று மேல் தர வேண்டும். அதற்கு முன்பே, 1988-இல் வந்த அடுத்த வடிவத்தில், டேங்க் சட்டங்களுக்கு உட்புறம் வந்துவிட்டது.

ஆக, டேங்குக்கு ஆபத்தே இல்லாத இடம் என்று வண்டியில் ஒன்று கிடையாது. இரு பக்கமும் எஃகுச் சட்டம், பின்னால் குறுக்குச் சட்டமும் பம்பரும், அடியில் தேவையானால் ஒரு தடித்த தகடு என்று சுற்றிலும் அரண் அமைத்தால்தான் பின்னிடம் முன்னிடத்தைவிட மேலானது. பம்பரைக் கழற்றிவிட்டு அழகுக்காக வெறும் தகட்டால் மூடி ஓட்டுகிறவர், பாதுகாப்புக்காக மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எந்த டேங்க்?

சி10-இன் பின் ஆக்ஸிலுக்கு அப்பால், ஸ்டெப்னி டயர் தொங்கும் இடம்தான் புதிய டேங்குக்குக் கிடைக்கும் இடம். ஸ்டெப்னியை வேறெங்காவது வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்கப் பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1973-க்குப் பிந்தைய செவர்லே பிளேஸரின் டேங்க். பெரிய வகை 31 கேலன், சுமார் 117 லிட்டர் கொள்ளும். இரண்டாவது, 1960-களின் ஃபோர்டு மஸ்டாங் டேங்க். 16 கேலன்தான், ஆனால் தட்டையானது, விலை மலிவு, எங்கும் கிடைக்கும். செவர்லே வண்டியில் ஃபோர்டு டேங்கா என்று முகம் சுளிக்கும் பக்தர்களுக்காக, இந்த வேலைக்கென்றே அலுமினியத்திலும் எஃகிலும் செய்து விற்கும் டேங்குகள் இருக்கின்றன. மின்பம்பு வைக்கப்போகிறவர்கள் இந்த மூன்றாவது வகையைப் பார்ப்பது நல்லது. உள்ளே பெட்ரோல் தளும்பாமலிருக்கத் தடுப்புத் தகடுகளும், வளைவில் பம்பு காற்றை உறிஞ்சாமலிருக்க ஒரு சிறு கிண்ண அமைப்பும் அவற்றில் இருக்கும்.

வாங்குவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் கணக்குத் தப்பும், ஏனென்றால் அப்போது ஆக்ஸில் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். சுமை ஏறி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது ஆக்ஸிலும் அதன் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டையும் எவ்வளவு மேலே வரும், டேங்கின் முன்விளிம்பைத் தொடுமா என்பதுதான் கேள்வி. தரையோடு தரையாக இறக்கப்பட்ட வண்டிகளில் இது இன்னும் நெருக்கடி. சைலன்சர் குழாய் டேங்குக்குப் பக்கத்தில் ஓடினால் அதை வளைத்துத் தள்ள வேண்டும், அல்லது நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வைக்க வேண்டும்.

பொருத்துவது பட்டைகளால். இரண்டு எஃகுப் பட்டைகள் டேங்கைக் கீழிருந்து தாங்கி, சட்டங்களுக்கு நடுவே போட்ட குறுக்குக் கம்பங்களில் போல்ட்டால் இறுகும். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் பட்டி வேண்டும். தகரம் தகரத்தோடு உரசினால் பெயின்ட் போய்த் துரு பிடிக்கும், பிறகு ஓட்டை விழும். நட்டுகள் அதிர்வில் கழலாத பூட்டு வகையாக இருக்கட்டும். சேஸிஸில் துளையிடுகிறவர்கள் நீளச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் தவிர்த்து அதன் செங்குத்துச் சுவரில் துளையிட வேண்டும். பளுவைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான்.

ஊற்றும் குழாயும் காற்றுக் குழாயும்

டேங்க் பின்னால் போய்விட்டது. பெட்ரோல் எப்படி ஊற்றுவது? சரக்குப் பெட்டியின் தரையில் ஒரு சிறு மூடி வைத்து அதன் கீழ் ஊற்றுவாயை ஒளித்து வைப்பது ஒரு வழி. வெளியே எதுவும் தெரியாது, பார்க்க அழகு. பெட்டியில் ஒரு சுமை மணல் ஏற்றியிருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தால் அழகு எவ்வளவு தூரம் உதவும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஓடும் வண்டி என்றால் பின்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள பக்கச் சுவரில் ஊற்றுவாய் வைப்பதே சரி. அதற்கு ஒரு நல்ல பழைய தகட்டை வெட்ட மனம் வர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே வைத்தாலும் ஒரு விதி மாறாது: குழாய் வாயிலிருந்து டேங்க் வரை இறக்கமாகவே வர வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே பெட்ரோல் தேங்கி நின்று வழியை அடைக்கும். பெட்ரோல் உள்ளே இறங்க வேண்டுமானால் அதே அளவு காற்று வெளியேற வேண்டும். மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் மடக் மடக்கென்று திணறி ஊற்றுமே, மறு மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஓடுமே, அதே கதைதான். டேங்கின் மேற்புறத்திலிருந்து ஊற்றுவாய்க்குப் பக்கத்தில் வந்து சேரும், அரை அங்குலத்துக்குக் குறையாத ஒரு காற்றுக் குழாய் அந்த இரண்டாவது ஓட்டை.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை பெட்ரோல் பங்கில் உடனே பார்க்கலாம். பங்கில் பிடிக்கும் கைக்குழாயின் நுனியருகே ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் பொங்கி வந்து அந்தத் துளையை மூடியதும் கைக்குழாய் தானாக அடைத்துக்கொள்ளும். டேங்க் நிறைந்ததும் ‘டக்’கென்று நிற்பது அதனால்தான். காற்று வெளியேறாத டேங்கில் இரண்டு லிட்டர் இறங்குவதற்குள்ளேயே பெட்ரோல் எதிர்த்துப் பொங்கும். கைக்குழாய் டக்கென்று நிற்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி நிற்கும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பங்கின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, குற்றம் குழாயில்தான்.

ஊற்றும்போது வெளியேறும் காற்று ஒரு புறம். ஓடும்போது உள்ளே போக வேண்டிய காற்று இன்னொரு புறம். எஞ்சின் பெட்ரோலை இழுக்க இழுக்க அந்த இடத்தைக் காற்று நிரப்பியாக வேண்டும். பல பழைய வண்டிகளில் மூடி வழியாகவே காற்று போய்வரும். புதிய டேங்கில் இறுக்கமான மூடி போட்டுவிட்டு இதை மறந்தால், வண்டி அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்கும், பிறகு ஒழுங்காக ஓடும். அந்த ‘உஸ்’ஸைக் கேட்டவர் பம்பையும் கார்புரேட்டரையும் சந்தேகப்பட வேண்டாம். டேங்கின் மேலே ஒரு சிறு சுவாசக் குழாய், அதில் வண்டி கவிழ்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு, இவ்வளவு போதும்.

ஊற்றுவாயின் உலோகப் பகுதிக்கு ஒரு எர்த் கம்பி கொடுத்து சேஸிஸோடு இணைப்பதும் அவசியம். நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் மின்சாரம் கடத்தாது. ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரம் வெளியேற வழியில்லாமல் நின்றால் பொறி பறக்கலாம்.

முள் ஏன் பொய் சொல்கிறது?

வேலை முடித்தவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். டேங்கினுள் ஒரு மிதவை, அதன் கை அசைய அசைய மாறும் ஒரு மின்தடை: இதுதான் டேங்க் யூனிட். டேஷ்போர்டிலுள்ள முள் அந்தத் தடையின் அளவைத்தான் காட்டுகிறது. பெட்ரோலை அது பார்ப்பதேயில்லை. 1960-களின் நடுவிலிருந்து செவர்லேயில் காலி டேங்க் என்றால் 0 ஓம், நிறைந்தது என்றால் 90 ஓம். அந்தக் கால ஃபோர்டில் தலைகீழ்: காலி என்றால் 73 ஓம், நிறைந்தது என்றால் 10 ஓம்.

இப்போது மஸ்டாங் டேங்கை அதன் சொந்த யூனிட்டோடு சி10-இல் மாட்டினால் என்ன ஆகும்? பெட்ரோல் நிரப்பி வந்தவுடன் முள் ‘காலி’யை ஒட்டி நிற்கும். ஓட ஓட மெல்ல ஏறும். நெடுஞ்சாலையில் வண்டி வறண்டு நிற்கும்போது, கணிசமாக நிறைந்திருப்பதாக முள் காட்டிக்கொண்டிருக்கும். தீர்வு எளிது. புதிய டேங்கின் ஆழத்துக்கேற்ற, ஆனால் 0–90 ஓம் கொண்ட யூனிட்டை வாங்கிப் பொருத்துவது. அதன் கையை டேங்கின் ஆழத்துக்கு ஏற்ப வெட்டிச் சரிசெய்யும்படிதான் விற்கிறார்கள்.

யூனிட் சரியாக இருந்தும் முள் ‘நிறைவு’க்கு அப்பால் போய் ஒட்டிக்கொண்டால் சந்தேகப்பட வேண்டியது எர்த்தை. பழைய டேங்க் கேபின் தகரத்தோடு போல்ட் போட்டு நின்றதால் எர்த் தானாகவே கிடைத்தது. புதியது ரப்பர் பட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எர்த் அறுந்துபோனது. செவர்லே முள்ளுக்கு அறுந்த சுற்று என்பது முடிவற்ற தடை, ஆகவே அது நிறைவையும் தாண்டி ஓடும். யூனிட்டின் உடலிலிருந்து பெயின்ட் சுரண்டிய சேஸிஸ் இடத்துக்கு ஒரு கம்பி இழுத்தால் தீர்ந்தது. நேர்மாறாக, முள் எப்போதும் காலியிலேயே கிடந்தால் அந்த ஒற்றைக் கம்பி எங்கோ உரசி சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தேடலாம்.

எஞ்சின் வரை

டேங்கிலிருந்து எஞ்சினுக்கு 3/8 அங்குல எஃகுக் குழாய், சேஸிஸ் சட்டத்தின் உட்புறமாக, சைலன்சர் இல்லாத பக்கத்தில். சில அடிக்கு ஒரு கிளாம்ப். செம்புக் குழாய் வளைக்க வசதியாக இருக்கும், ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும், வேண்டாம். ரப்பர் ஹோஸ் இரு முனைகளில் மட்டும், குட்டையாக.

பழைய எஞ்சினின் பக்கவாட்டிலிருக்கும் இயந்திரப் பம்பு பொதுவாக இந்தத் தூரத்தைச் சமாளித்துவிடும். ஆனால் கேபின் டேங்க் உயரத்தில் இருந்தது, பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி வந்தது. இப்போது கீழேயிருந்து இழுக்க வேண்டும். கடும் வெயிலில், உறிஞ்சும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பு வெறும் ஆவியை இழுக்கத் தொடங்கினால் வண்டி நின்றுவிடும். அப்போது மின்பம்பு யோசிக்கலாம். மின்பம்பு தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோம்பேறி. ஆகவே டேங்குக்கு அருகில், அதன் மட்டத்துக்குக் கீழேயே வைக்க வேண்டும். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும். செவர்லேயின் எல்எஸ் வகை இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு 58 பிஎஸ்ஐ வரை வேண்டும், அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸும் வேண்டும். கார்புரேட்டர் ஹோஸை அங்கே போட்டால் பிதுங்கி வெடிக்கும்.

மின்பம்பில் சாதாரணமாக யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு ஆபத்து உண்டு. விபத்தில் எஞ்சின் நின்றால் இயந்திரப் பம்பும் நின்றுவிடும். மின்பம்பு நிற்காது, உடைந்த குழாய் வழியே பெட்ரோலைச் சாலையில் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மோதல் அதிர்ச்சியில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சிறு ஸ்விட்ச்சை இடையில் போடாமல் மின்பம்பு வைக்கக் கூடாது.

கை வைக்கும் முன்

திறந்த வெளியில் செய்யுங்கள். பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, குழியில் தேங்கி, தள்ளியிருக்கும் அடுப்பையோ ஹீட்டரையோ தேடிப் போகும். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்கு அதிகம் பயப்பட வேண்டும். காலி டேங்கில்தான் அந்தக் கலவை உருவாகும். மாதக்கணக்கில் வெறுமனே கிடந்த டேங்கும் சூடுபடுத்தினால் வெடிக்கும். டேங்கை வெல்டிங் செய்வதை அந்த வேலையே தொழிலாக உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். கேபினில் பழைய ஊற்றுவாய் இருந்த துளையைத் தகடு வைத்து அடைக்கும் வெல்டிங்கும் பழைய டேங்க் வண்டியை விட்டும் பட்டறையை விட்டும் போன பிறகுதான். துளையை அடைக்காமல் விட்டால் மழை நீர் கேபினுக்குள் வரும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்துவிடுவதும் நல்லது.

எல்லாம் பூட்டியான பிறகு முதல் நாளே டேங்கை நிரப்ப வேண்டாம். பத்து லிட்டர் ஊற்றி, ஒவ்வொரு இணைப்பின் கீழும் உலர்ந்த அட்டைத் துண்டு வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் அட்டையில் ஈர வட்டம் இல்லையென்றால் பங்குக்குப் போய் முழுக்க நிரப்புங்கள். கசிவு பெரும்பாலும் டேங்கின் மேற்புறத்தில், யூனிட்டின் கேஸ்கெட்டில்தான் வரும். அது நிறைந்த டேங்கில் மட்டுமே தெரியும். நிரப்பிய பின் ஒரு சரிவில் வண்டியின் மூக்கை மேலே வைத்து நிறுத்தி, கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.